நோட்டரின்னா ஆதியில ஸ்டெனோவாமே? இந்த வார்த்தையோட கதை யாருக்காவது தெரியுமா

கோடும்கொக்கியும்:

எல்லாருக்கும் வணக்கம். நான் டைப்பு ஹையர் முடிச்சிட்டு இப்போ ஒரு வருஷமா ஷார்ட்ஹேண்ட் கிளாஸ் போயிட்டிருக்கேன், இங்கிலீஷ் பிட்மன். போன வாரம் அப்பா பேர்ல ஒரு சர்டிபிகேட்ல எழுத்து மாறியிருந்ததுக்காக அஃபிடவிட் வேணும்னு கோர்ட்டு பக்கத்துல ஒரு நோட்டரிகிட்ட போனோம். மரத்தடியில மேஜை போட்டு உக்காந்திருந்தார், அப்பாவ கையெழுத்து போடச் சொன்னார், வட்ட சீல் வச்சார், ரெஜிஸ்டர்ல ஒரு வரி எழுதிக்கிட்டார், அவ்ளோதான் வேலை முடிஞ்சுது. அதனால கிளாஸுக்கு லேட்டாப் போய் மாஸ்டர்கிட்ட காரணத்த சொன்னா அவர் "நோட்டரிங்கறது நம்ம ஆளுங்க பேருதாம்மா, ஸ்டெனோவத்தான் அந்தக் காலத்துல நோட்டரின்னு கூப்பிட்டாங்க"ன்னார். மேல கேக்கறதுக்குள்ள அடுத்த பேட்ச் வந்துட்டாங்க.

அதுலேருந்து மனசு அதுலயே இருக்கு. சீல் வைக்கிறவருக்கும் டிக்டேஷன் எடுக்கறவருக்கும் என்ன சம்பந்தம்? நிஜமாவே அப்படி ஒரு அர்த்தம் இருந்துச்சுன்னா அது எந்த ஊர்ல, எப்போ, அப்புறம் எப்படி மாறிச்சு? ஸ்டெனோங்கற வார்த்தை அதைவிடப் பழசா புதுசா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க, சுருக்கமா வேண்டாம்.

பழையஏடு:

உங்க மாஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. லத்தீன்ல நோட்டான்னா அடையாளம், குறி. பேச்ச வேகமா எழுதறதுக்காக ஒரு சொல்லுக்கு ஒரு குறின்னு வச்சிருந்தாங்க, அந்தக் குறிகளுக்கு நோட்டே, அத எழுதத் தெரிஞ்சவன் நொட்டாரியஸ். அதான் நோட்டரி. நாம நோட்டுப் புத்தகம், நோட்ஸ் எடுக்கறது, ரூபா நோட்டுன்னு சொல்றோமே எல்லாம் அதே வேர்தான்.

இந்தக் குறிகளுக்கு டைரோ குறிகள்னு ஒரு பேரு உண்டு. சிசரோ தெரியும் இல்லியா, ரோமாபுரியோட பெரிய பேச்சாளர், அவர் வீட்ல அடிமையா இருந்தவர் டைரோ, கி.மு. 53ல விடுதலை கிடைச்சுது. சிசரோவோட பேச்சையும் கடிதத்தையும் எழுதி வச்சுப் பாத்துக்கிட்டது இவர்தான். ஆனா கண்டுபிடிச்சது டைரோ மட்டும்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஏன்னா பழைய ஆளுங்களே ஆளுக்கொன்னு சொல்லியிருக்காங்க, செவில்லி இசிடோர் 7-ம் நூற்றாண்டுல எழுதும்போது என்னியஸ்ங்கற கவிஞர்தான் முதல்ல 1,100 குறி உண்டாக்கினார், டைரோ அப்புறமாச் சேத்தார், கடைசியா தத்துவ ஞானி செனெகா எல்லாத்தையும் தொகுத்து 5,000 ஆக்கினார்னு கணக்கு கொடுக்கறார்.

ஒரு நாள் மட்டும் தேதியோட சொல்லலாம். கி.மு. 63 டிசம்பர் 5. ஆட்சியக் கவிழ்க்கப் பாத்த கட்டிலைன்ங்கறவரோட சதியில மாட்டினவங்கள என்ன பண்றதுன்னு ரோம செனட்ல விவாதம், சீசர் ஒரு பக்கம், கேட்டோ ஒரு பக்கம். அன்னிக்கு சிசரோ வேகமா எழுதற ஆளுங்களுக்கு குறிகளச் சொல்லிக்கொடுத்து சபையில அங்கங்க உக்கார வச்சிருந்தார்னும், அதனாலதான் கேட்டோ பேசின அந்தப் பேச்சு தங்கிச்சுன்னும் புளூட்டார்க்ங்கற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதறார். ரோம்ல சுருக்கெழுத்துக்கு முதல் தடயம்னு அவர் காட்டறது இந்த நாளத்தான்.

கையில பேனாவும் கிடையாது பேப்பரும் கிடையாது, மெழுகு பூசின பலகையில எழுத்தாணியால கீறுவாங்க, அப்புறம் பாப்பிரஸ்ல விரிச்சு எழுதுவாங்க, பலகைய வழிச்சுட்டு மறுபடி உபயோகம். நம்ம ஓலையும் எழுத்தாணியும் மாதிரிதான், ஓலையில வழிக்க முடியாது அதான் வித்தியாசம்.

இன்னொன்னும் சொல்லிடறேன், நோட்டரி மட்டும் இல்ல, இன்சூரன்ஸ் கம்பெனில ஆக்சுவரின்னு ஒருத்தர் இருப்பாரே, அந்த வார்த்தையும் ஒரு காலத்துல ஸ்டெனோதான். ஆக்டுவாரியஸ். சீசரோட ஒரு பேச்சு ஏடாகூடமா இருக்கேன்னு பாத்துட்டு அகஸ்டஸ், இது சீசர் எழுதினதா இருக்காது, பேச்சு வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத ஆக்டுவாரியுங்க எடுத்ததா இருக்கும்னு நினைச்சார்னு ரோம வரலாற்று ஆசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கார். அப்புறம் எக்செப்டார்னு ஒரு சொல், எக்சிப்பெரேன்னா எடுத்துக்கறது, பிடிச்சுக்கறது. நாமளும் டிக்டேஷன் 'எழுதறேன்'னா சொல்றோம்? 'எடுக்கறேன்'னுதானே சொல்றோம். ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி அவங்களுக்குத் தோணினதும் அதே சொல்தான், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ரிட்டயர்டு_ஸ்டெனோ:

பழைய ஏடு சார், ரொம்ப நன்றி. முப்பத்து மூணு வருஷம் கோர்ட்டுல டிக்டேஷன் எடுத்தவன் நான், எக்செப்டார்னு ஒரு பேரு எனக்கு இருந்ததே இன்னிக்குத்தான் தெரியுது.

ஒரு சந்தேகம். சொல்லுக்கு ஒரு குறின்னு சொல்றீங்க. பிட்மன்ல நாங்க படிச்சது அப்படி இல்லயே. பிட்மன் ஒலிய எழுதறது. 1837ல ஐசக் பிட்மன் கொண்டு வந்தப்பவே அதுக்கு பேரு ஒலிக்கை மாதிரி ஒரு பேருதான் வச்சார், ஸ்பெல்லிங்கப் பாக்காத, காதுல விழறத போடுங்கறதுதான் அதோட அடிப்படை. மெல்லிசா ஒரு கோடு போட்டா ப, அதே கோட்ட அழுத்திப் போட்டா பஸ்ல வர்ற ப. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து, அவன் அதுக்கு கை அழுத்தத்துல வித்தியாசம் வச்சான். நோட்டுல இருக்கற கோட்டுக்கு மேல தள்ளிப் போடறியா, கோட்டத் தொட்டுப் போடறியா, கோட்ட வெட்டிப் போடறியாங்கறதுலயே உள்ள இருக்கற உயிரொலி தெரிஞ்சுபோகும். சொல்லுக்கு ஒரு குறிங்கறது எங்கள்ல கிராமலாக் மட்டும்தான், அடிக்கடி வர்ற சொல்லுக்கு ஒரு சின்ன கோடு, அத மனப்பாடம் பண்றதுக்கே எங்க பேட்ச்ல பாதிப் பேரு கிளாஸ விட்டுட்டுப் போனாங்க. அப்போ 5,000 குறின்னா அந்தப் பசங்க எத்தன வருஷம் படிச்சிருப்பாங்க? யாரு சொல்லிக்கொடுத்தா? ஃபீஸ் எவ்ளோ?

கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. வெளிய இருக்கறவங்க ஷார்ட்ஹேண்டுன்னா வேகமா எழுதறதுன்னு நினைக்கறாங்க. எழுதறது பாதி வேலைம்மா. எழுதினத திருப்பிப் படிக்கணும். நான் சேந்த புதுசுல ஒரு சாட்சியோட வாக்குமூலம் எடுத்துட்டு வந்து சாயந்தரம் டைப் அடிக்க உக்காந்தா ஒரு அவுட்லைன், அதாவது ஒரு சொல்லுக்குப் போட்ட கோட்டு வடிவம், 'பாத்தேன்'னா 'பாக்கல'யான்னு விளங்கல. கைகால் வெலவெலத்துப் போச்சு. ஒரு மனுஷனோட கேசு அது. ஜட்ஜ் ஐயாகிட்டயே போய் நின்னு சொன்னேன், அவர் தன் கைக்குறிப்பப் பாத்து சரி பண்ணிக் கொடுத்தார். அன்னியிலேருந்து இல்லைங்கற சொல் வர்ற இடத்துல ஒரு புள்ளி தனியா வச்சிடுவேன், எந்த புக்குலயும் இல்லாத என் சொந்தக் குறி.

பழையஏடு:

ஐயா, நீங்க கேட்ட ஃபீஸுக்கு பதில் இருக்கு, சொன்னா சந்தோஷப்படுவீங்க. எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்னு ஒரு ஊரு, அங்க குப்பைமேட்டுல புதைஞ்சு கிடந்த பாப்பிரஸ் ஆயிரக்கணக்குல கிடைச்சுது, அதுல கி.பி. 155-ம் வருஷத்து ஒப்பந்தம் ஒன்னு. ஒருத்தர் தன் அடிமைப் பையன் கைரம்மோன்ங்கறவன அப்பல்லோனியஸ்ங்கற சுருக்கெழுத்து வாத்தியார்கிட்ட சேக்கறார். ரெண்டு வருஷப் படிப்பு, 120 திராக்மா ஃபீஸ், மூணு தவணை. முதல் 40 சேரும்போதே கொடுத்தாச்சு. பாடக் குறிகள் முழுக்கப் பையனுக்கு வந்ததும் ரெண்டாவது 40. கடைசி 40 எப்போ தெரியுமா? எல்லா விதமான உரைநடையையும் தடையில்லாம எழுதி, எழுதினத தப்பில்லாம திருப்பிப் படிக்கும்போதுதான்! நீங்க சாட்சி வாக்குமூலத்த வச்சுக்கிட்டுத் தவிச்ச அதே இடத்துலதான் அந்த வாத்தியாரோட கடைசித் தவணையும் நின்னிருக்கு.

அந்த ஒப்பந்தம் கிரேக்கத்துல இருக்கு, அதுல வாத்தியாருக்கு வர்ற சொல் செமியோகிராபோஸ், செமியோன்னா குறி, குறியெழுதறவன். அதாவது நொட்டாரியஸுக்கு நேர் கிரேக்கம். டாக்கிகிராபோஸ்னும் சொல்லுவாங்க, வேகமா எழுதறவன். அலெக்சாண்ட்ரியாவில படிப்பு சொல்லிக்கொடுத்த ஓரிகன் பெரிய வேதாகம அறிஞர், அவர் சொல்லச் சொல்ல எடுக்கறதுக்கு ஏழு பேருக்கு மேல டாக்கிகிராபர்கள் நேரம் பிரிச்சு மாத்தி மாத்தி உக்காந்தாங்கன்னும், விரிச்சு எழுத அதே அளவு ஆளும், அழகா படியெழுத பயிற்சி உள்ள பெண்களும் இருந்தாங்கன்னும் சர்ச் வரலாறு எழுதின யூசிபியஸ் எழுதறார். இன்னிக்கு பார்லிமெண்ட்ல ரிப்போர்ட்டருங்க சில நிமிஷத்துக்கு ஒருத்தர்னு மாறி மாறி வர்றாங்களே, அதே ஏற்பாடு. படியெழுதின பெண்கள யாரும் பேசறதே இல்ல, அதனால அழுத்திச் சொல்றேன்.

ஆனா மரியாதை? அது வேற கதை. செனெகா தன் கடிதம் ஒன்னுல, பேச்சு எவ்ளோ வேகமாப் போனாலும் கை அத எட்டிப் பிடிக்கற இந்தக் குறிகள் எல்லாம் கடைமட்ட அடிமைகளோட கண்டுபிடிப்புன்னு எழுதறார். அந்தத் திறமை இல்லாம எஜமானங்க வீட்டுல ஒரு வேலையும் நடக்காது, ஆனா அத உண்டாக்கினவன் கீழானவன். படிக்கும்போது மனசு கஷ்டமாயிடுச்சு.

முந்நூறு வருஷம் போனா எல்லாம் தலைகீழ். 4-ம் நூற்றாண்டுல நொட்டாரியஸ்னா சக்கரவர்த்தியோட அந்தரங்க ஆள், ரகசிய ஆலோசனையில கூட இருக்கறவன், தூது போறவன், விசாரணை பண்றவன். கான்ஸ்டான்டியஸ் சக்கரவர்த்தி காலத்துல பவுலஸ்ங்கற நொட்டாரியஸ் வழக்குல ஆளுங்கள ஒன்னோட ஒன்னாப் பின்னி மாட்ட வைக்கிறதுல கெட்டிக்காரன்னு 'சங்கிலி'ன்னே பட்டப்பேரு வாங்கியிருக்கான். அந்தியோக்கியாவுல லிபானியஸ்ங்கற வாத்தியார், பசங்க எல்லாம் இலக்கியம் சொல்வன்மைய விட்டுட்டு சுருக்கெழுத்து படிக்க ஓடறாங்க, அதுலதான் பதவி கிடைக்குதாம்னு புலம்பறார். நம்ம ஊர்ல ஒரு தலைமுறை டிகிரி முடிச்ச கையோட டைப்பு ஷார்ட்ஹேண்டுக்கு ஓடினது ஞாபகம் வரல?

வார்டு_நம்பர்_ஏழு:

நான் நர்ஸ், வார்த்தை ஆராய்ச்சி எல்லாம் தெரியாது, ஆனா டாக்கி, ஸ்டெனோன்னு படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, ரெண்டையும் தினமும் கேஸ் ஷீட்ல எழுதறேன். டாக்கிகார்டியா, இதயம் வேகமா துடிக்கறது. ஸ்டெனோசிஸ், வால்வு குறுகிப்போறது. ஸ்டெனோன்னா குறுகலானது. அப்போ ஸ்டெனோகிராபர்னா குறுக்கி எழுதறவர், சரியா?

பிராடிகார்டியான்னும் ஒன்னு இருக்கே, அதுலயும் எழுத்துக்காரங்க பேரு ஏதாவது இருக்கா?

பழையஏடு:

சரியாச் சொன்னீங்க சிஸ்டர், அதே ஸ்டெனோஸ்தான். பிராடின்னா மெதுவா, அந்தப் பேர ஸ்டெனோவுக்கு யாரும் வைக்க மாட்டாங்க! பக்கத்துல ஒலிக்கற பிராக்கின்னு ஒன்னு இருக்கு, குட்டைன்னு அர்த்தம், இங்கிலாந்துல பிராக்கிகிராபின்னு அதுக்கும் ஒரு காலம் இருந்துச்சு. லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டுல வழக்கெல்லாம் எடுத்த தாமஸ் கர்னியோட முறைக்கு அந்தப் பேருதான், சார்லஸ் டிக்கன்ஸ் கதை எழுத வர்றதுக்கு முன்னாடி படிச்சுப் பார்லிமெண்ட் நிருபரா வேலை பாத்ததும் அந்த முறையிலதான்.

ஆனா ஸ்டெனோங்கற வார்த்தை பழசா புதுசான்னு முதல்ல கேட்டதுக்கு பதில் இதுல இருக்கு. ஸ்டெனோகிராபி பழைய கிரேக்கச் சொல் மாதிரி தெரியும், ஆனா பழைய கிரேக்கர்கள் அப்படிச் சொன்னதில்ல. 1602ல ஜான் வில்லிஸ்ங்கற இங்கிலீஷ்காரர் தன்னோட முறைக்கு கிரேக்க வேர எடுத்து ஒட்டி வச்ச பேரு. அதனால வயசுல நோட்டரிதான் மூத்தது, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலயே மூத்தது.

குமாஸ்தா_வீட்டுப்பிள்ளை:

எழுதறவன் எப்படி சீல் வைக்கிறவனா ஆனாங்கற கேள்விய யாரும் தொடல, அதனால நான். சட்டம் படிச்சவன், எங்க அப்பா வக்கீல் குமாஸ்தா.

ஒரு சம்பவம் சொன்னா புரியும். கி.பி. 411, கார்த்தேஜ் நகரம், வட ஆப்பிரிக்கா. கத்தோலிக்கருக்கும் டொனாட்டிஸ்ட்னு இன்னொரு கிறிஸ்தவப் பிரிவுக்கும் பெரிய தகராறு, சக்கரவர்த்தி மத்தியஸ்தர அனுப்பி ரெண்டு பக்கத்து பிஷப்புகளையும் கூட்டி வாதம் வச்சார். ஒருத்தர ஒருத்தர் நம்பல. அதனால அரசாங்க எக்செப்டார்கள் போக ரெண்டு கட்சியும் தங்கள் பங்குக்கு நாலு நாலு நொட்டாரியஸ உக்கார வச்சாங்க, அவங்க எழுதறத மேற்பார்வை பாக்க பிஷப்புகளும் உண்டு. விரிச்சு எழுதினதுக்கு அப்புறம் பேசினவரே வந்து படிச்சு, நான் சொன்னது இதுதான்னு கையெழுத்துப் போடணும். கத்தோலிக்கர் பக்கம் வந்த பிஷப் அகஸ்டின் பேசினது உட்பட அந்தப் பதிவுல பெரும்பகுதி இன்னிக்கும் இருக்கு.

கவனிச்சீங்களா, இங்கயே நோட்டரியோட வேலை பாதி மாறிப்போச்சு. வேகமா எழுதறது மட்டும் இல்ல, 'இவர் இதைச் சொன்னார், என் முன்னாடி சொன்னார்'ங்கறதுக்கு அவன் பொறுப்பு. அவன் கை வேகத்துக்கு இருந்த மதிப்பு அவன் சொல்ல நம்பலாம்ங்கற மதிப்பா மாறுது.

ரோம்ல பத்திரம் எழுதிக் கொடுத்தவங்க வேற ஆளுங்க, அவங்க பேரு டபெல்லியோ, பொதுச் சந்தையில கடை போட்டு உக்காந்து கிரயம், உயில், கடன்னு எழுதிக் கொடுப்பாங்க. நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல பத்திர எழுத்தர் உக்காந்திருக்கற மாதிரியே. நாளடைவுல சர்ச்சுலயும் அரசர் ஆபீஸ்லயும் இருந்த நோட்டரியும் சந்தையில இருந்த டபெல்லியோவும் ஒரே ஆளாகிட்டாங்க, பேரு மட்டும் கௌரவமான பேரா நோட்டரின்னு நின்னுடுச்சு. இத்தாலியில 12, 13-ம் நூற்றாண்டுகள்ல இந்த நோட்டரிங்க இல்லாம வியாபாரமே கிடையாது. அப்பக்கூட பழைய குணம் போகல, கட்சிக்காரங்க பேசும்போது முதல்ல சுருக்கமா ஒரு பதிவு எடுத்துப்பாங்க, அதுக்கு பேரே இம்பிரேவியாத்துரா, சுருக்கினது. அப்புறம்தான் நீட்டி முழு பத்திரம். ஜெனோவாவுல ஜியோவன்னிங்கற நோட்டரி 1154லேருந்து 1164 வரைக்கும் எழுதின பதிவேடு இருக்கு, கைக்குக் கிடைச்ச நோட்டரி பதிவேடுகள்ல அதான் பழசு.

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு ஒன்னு. உங்க நோட்டரி ரெஜிஸ்டர்ல ஒரு வரி எழுதினார்னு சொன்னீங்களே, அந்த ஒரு வரிதான் இந்தக் கதையில மிச்சம் இருக்கற இழை, சீல் இல்ல. நம்ம நாட்ல இப்போ 1952 நோட்டரி சட்டம், அதுக்கு முன்னாடி 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்துலயே நோட்டரி உண்டு, மாற்றுச்சீட்டுக்கு (பில்) பணம் தரலைன்னா அத வச்சிருக்கறவர் நோட்டரிகிட்ட குறிச்சு வாங்கிக்கலாம், அதுக்கு சட்டத்துல பேரே நோட்டிங். குறிப்பெடுக்கறதுங்கற அர்த்தம் அங்க அப்படியே உக்காந்திருக்கு.

கோடும்கொக்கியும்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மாஸ்டர்கிட்ட பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன், கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார், மூணாவது தவணை சமாச்சாரத்த கிளாஸ்ல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினார். அதோட, பைபிள்ல சங்கீதம் 45ல 'விரைவாய் எழுதுகிறவனுடைய எழுத்தாணி'ன்னு ஒரு வரி வருது, சின்ன வயசுல சர்ச்சுல பாடும்போது யாரு அந்த விரைவா எழுதறவர்னு நினைப்பேன்னு சொன்னார்.

இன்னொரு விஷயம். நோட்டேன்னா சொல்லுக்கு ஒரு குறின்னு படிச்சதும் எங்க தாத்தாவோட கடைக் கணக்கு நோட்டு ஞாபகம் வந்து எடுத்துப் பாத்தேன். மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, வரவுக்கு ௷, வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, நாளுக்கு ௳. பேச்ச எடுக்க வச்சது இல்லதான், ஆனா ஒரு முழு சொல்ல ஒரே இழுப்புல போடறதுங்கற யோசனை நம்ம கணக்குப்பிள்ளைங்களுக்கும் வந்திருக்கு. பாட்டிக்கு இதுல ௸ மட்டும்தான் படிக்கத் தெரியுது. போன்லயே இந்த எழுத்தெல்லாம் இருக்குங்கறதும் இப்பதான் தெரிஞ்சுது.

பழையஏடு:

தாத்தா நோட்ட பத்திரமா வைங்கம்மா, முடிஞ்சா போட்டோ எடுத்துடுங்க. டைரோ குறியிலயும் ஒன்னே ஒன்னு இன்னிக்கும் தெருவுல உயிரோட இருக்கு, 'உம்'ங்கறதுக்கான குறி, பார்க்க ஏழு மாதிரி இருக்கும். அயர்லாந்துல ஐரிஷ் மொழிப் பலகைகள்ல போடறாங்க.

கோடும்கொக்கியும்:

ரிட்டயர்டு ஸ்டெனோ ஐயா, ஒன்னே ஒன்னு கேக்கணும், எனக்கு டிக்டேஷன் எடுக்கும்போது பிரச்சனை இல்ல, படிக்கும்போதுதான் திணறுது, அடுத்த எக்ஸாமுக்கு முன்னாடி என்ன பண்ணட்டும்?

ரிட்டயர்டு_ஸ்டெனோ:

புதுசா டிக்டேஷன் எடுக்கறத ஒரு வாரம் நிறுத்தும்மா. போன மாசம் எடுத்த நோட்ட எடு, பேசேஜ் என்னன்னே மறந்திருக்கும், அதுதான் வேணும். அத சத்தமாப் படி, திக்கற அவுட்லைன வட்டம் போடு, ஏன் திக்குதுன்னு பாரு. பெரும்பாலும் ரெண்டுல ஒன்னா இருக்கும், மெல்லிசு அழுத்தம் வித்தியாசம் இல்லாம போட்டிருப்ப, இல்ல பொசிஷன் தவறி எல்லாத்தையும் கோட்டு மேலயே போட்டிருப்ப. பால்பாயிண்ட்ல எழுதறியா? அப்படின்னா அழுத்தமே விழாது, நல்லா சீவின பென்சிலுக்கு மாறிடு, மூணு நாலு சீவி பக்கத்துல வச்சுக்கோ. ஒரு வாரம் கழிச்சு எந்த அவுட்லைன் திக்குதுன்னு இங்க எழுது, பாக்கலாம்.